வண்டி நின்ற நேரம்

என் கைப்பேசியில் ஒரு படம் இருக்கிறது. பாகூருக்குப் போகும் வழியில் ஒரு வளைவு. சாலையை விட்டு இறங்கிய லாரி ஒன்று, நடவு முடிந்து பத்து நாள்கூட ஆகாத வயலில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நிற்கிறது. முன்கண்ணாடி இல்லை. ஆனால் பின்னால் ஏற்றியிருந்த அரிசி மூட்டைகளில் ஒன்றுகூடச் சரியவில்லை. மேலே போட்ட தார்ப்பாய் இழுத்துக் கட்டியது கட்டியபடி, சுருக்கமே இல்லாமல் இருக்கிறது. படத்தை அனுப்பிய மேனேஜர் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘டிரைவருக்கு உயிர் இருக்கு மேடம்.’ அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

வில்லியனூரில் பதினான்கு லாரிகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்கு நான் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். நகரத்தில் வேலை பார்த்த அலுவலகம் மூடப்பட்ட பிறகு, கரிக்கலாம்பாக்கத்தில் மனைப்பிரிவில் கட்டிய எங்கள் வீட்டிலிருந்தே சிறு வேலைகள் செய்துகொண்டிருந்த நேரம் அது. கம்பெனியின் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னிடம் கேட்டது கொஞ்சம்தான். எந்த வண்டி எங்கே இருக்கிறது, யார் ஓட்டுகிறார், அடுத்த முறை யாருக்கு. அதுவரை அதெல்லாம் மேனேஜரின் சுவர்ப்பலகையில் சாக்பீஸால் எழுதப்பட்டு, மழைக்காலத்தில் பாதி அழிந்து கிடந்தது.

அவர் கேட்காத ஒன்றை நானாகச் சேர்த்தேன். என் மகள் அப்போதுதான் ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அதே சாலை, அதே லாரிகள். அவள் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வரும்வரை எனக்கு எந்த வேலையும் ஓடாது. ஆகவே, ஓய்வெடுக்காத டிரைவருக்கு வண்டி போகக்கூடாது என்று ஒரு விதியை எழுதினேன். வண்டியில் பொருத்திய கருவி, அது எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்லும். ஒரு நாளுக்குள் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டி ஆறு மணி நேரம் ஆனால், திரையில் டிரைவரின் பெயர் பச்சையாகும். சிவப்பாக இருந்தால் மேனேஜர் லோடு சீட்டைக் கொடுத்து அனுப்ப முடியாது. அந்தப் பச்சையை மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்த இரண்டாவது ஹெல்மெட் போலத்தான் நினைத்திருந்தேன்.

இனி அந்த டிரைவரைப் பற்றி. என் வயதுதான் இருக்கும். நான் அண்ணே என்பேன். முதல் நாள் ஷெட்டில் நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்து, எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எங்கே நிறுத்துவீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் முறை வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்று, “உள்ளேன் டீச்சர்” என்றார். ஷெட்டே சிரித்தது. அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் மேனேஜரையும் பாயையும் தவிர எல்லோருக்கும் நான் டீச்சர்தான். என் மகளின் ஸ்கூட்டரை எதிரில் கண்டால் வேகத்தைக் குறைத்து, கையை வெளியே நீட்டி, போ போ என்று வழிவிடுவாராம். “டீச்சர் பொண்ணு சைடு மிரரையே பாக்க மாட்டேங்குது, சொல்லி வைங்க” என்று ஒருமுறை புகார் சொன்னார். நான் வீட்டுக்குப் போய் மகளிடம் சண்டை போட்டேன்.

வண்டி வயலில் இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். விடியற்காலையில் சேலத்திலிருந்து திரும்பியவர், பகலில் நாகப்பட்டினத்துக்கு அரிசி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வழியில் சாப்பிட்டிருக்கிறார். வளைவில் கண் மூடிவிட்டது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காலை வேளையாக இருந்திருந்தால் அந்த வளைவில் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்கள் இருந்திருக்கும். என் மகளும் இருந்திருப்பாள்.

மறுநாள் பாய் என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று கேட்டார். அச்சடித்துக் கொடுத்தேன். சேலம் போய் வந்ததில் நின்றது, காலையில் மூட்டை இறக்கும்போது நின்றது, பத்து இருபதுக்குக் கேட்டைத் தாண்டிய பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றது. மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல். பச்சை. தாளைப் பாய் இரண்டு முறை படித்தார்.

“ரெஸ்ட் எடுத்தும் தூங்குறான்னா, ஒண்ணு குடிச்சிருக்கணும், இல்ல ஒடம்புல ஏதோ கோளாறு. இனிமே அவன் கையில வண்டிய குடுக்க முடியாதும்மா.”

நான் மறுத்துப் பேசவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்: எனக்கு நிம்மதியாக இருந்தது. என் மென்பொருள் சரியாக வேலை செய்திருக்கிறது, தவறு என்னுடையதில்லை என்கிற நிம்மதி.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது காலில் கட்டு, விலா எலும்பில் அடி. அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று தெரிந்ததும் கை நின்றது.

“நீங்கதான் கம்ப்யூட்டர்ல போடுறவங்களா? இவரு நல்லா தூங்கினாருன்னு போட்டிருக்கீங்களாமே. எங்க தூங்கினாரு? வூட்டுக்கே வரலியே.”

“சும்மா இருடி” என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, பேசினால் விலா வலிக்கும் என்பதால் மெதுவாக, “வண்டி நின்னுச்சு டீச்சர். நான் நிக்கலியே. மேல ஏறி தார்ப்பாய் கட்டிகினு இருந்தேன்” என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே ஷெட்டுக்குப் போய், எதிர்க்கடை நிழலில் நின்று பார்த்தேன். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது அங்குள்ள டிரைவர்களின் வழக்கம். பாய்க்கு அதில் நம்பிக்கை கிடையாது, ஆனால் ஓட்டுகிறவர்களின் மனது கோணக்கூடாது என்று விட்டுவிடுவார். பத்தே காலுக்கு மூன்று வண்டிகள், பாரம் ஏற்றியும் ஏற்றாமலுமாக, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டின. இருபதடி போய்ச் சாலையோரம் நின்றன. அவ்வளவுதான், சகுனத்துக்குக் கிளம்பியாகிவிட்டது; மேனேஜரின் சீட்டு பிறகுதான். அதற்கப்புறம்தான் வேலையே ஆரம்பித்தது. தார்ப்பாயை விரித்தார்கள், மூட்டைமேல் ஏறிக் கயிற்றை உதைத்து இறுக்கினார்கள், டயர்களைத் தட்டிப் பார்த்தார்கள், விட்டுப்போன மூட்டைகளை முதுகில் தூக்கி வந்து ஏற்றினார்கள். வெயிலில் ஒன்றரை மணி நேரம். என் கையிலிருந்த கைப்பேசியில் அந்த மூவரும் ஓய்வில் இருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவருடைய பெயர் பச்சையானது. அந்த ஆள் மூட்டை உச்சியில் நின்று, சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு லாரி முதலாளிகள் என் மென்பொருளைக் கேட்டிருந்தார்கள். விஷயம் வெளியே போனால் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். கடைசியில் மகளிடம் சொன்னேன்.  “அந்த அங்கிளுக்கு வேலை போயிடும்ல?” என்றாள். போய்விடும். அதுதான் விஷயம்.

பாய் முழுவதையும் கேட்டார். டீ கிளாஸ் கையிலேயே இருந்தது.

“அப்ப உன் மிஷினு பொய் சொல்லிச்சா?”

“இல்ல பாய். வண்டி தூங்கிச்சான்னு கேட்டிருக்கேன். ஆளைக் கேக்கல. தப்பு என்னோடது.”

“பதினாலு வண்டிக்கும் இதே கதையா?”

“ஆமாம் பாய்.”

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய் மேனேஜரைக் கூப்பிட்டார். “எல்லா வண்டியையும் நிறுத்து. எவன் எவன் நெசமா தூங்கினான்னு வாயால கேளு. தூங்காதவன் போவ வேணாம்.” அன்று நான்கு வண்டிகள் போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவர், “அந்தத் தாளைப் பாத்து நான் அவனத் திட்டிட்டேன்மா” என்றார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “கால் சரியாவட்டும். அவன் வண்டி அவனுக்குத்தான்” என்றார்.

கணக்குப் போடும் அந்த விதியை அழித்தேன். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் டிரைவரின் கைப்பேசியில் ‘தூங்கினீர்களா?’ என்று ஒரு கேள்வி மட்டும் வரும். ஆம், இல்லை. முதல் வாரம் எல்லோரும் ஆம் என்றே அழுத்தினார்கள். மேனேஜர் சிரித்தார். “இல்லன்னா முறை போயிடும் மேடம். எவன் அழுத்துவான்?” பாயிடம் பேசி, இல்லை என்றவரின் பெயர் வரிசையில் முதலிலேயே நிற்கும்படி மாற்றினேன். தூங்கி எழுந்ததும் அடுத்த வண்டி அவருக்கு. அப்படியும் மாதக்கணக்கில் ஒருவரும் ‘இல்லை’யை அழுத்தவில்லை. மற்றவர்கள் முன்னால் களைப்பை ஒப்புக்கொள்வது அவர்களுக்கு அவமானம் என்பதை எந்த நிரலாலும் மாற்ற முடியவில்லை. மகள் கிளம்பிய பிறகு நான் பழையபடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அந்த அண்ணன் ஏழு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். லேசாகக் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வேறொரு வேலையாக நான் ஷெட்டில் இருந்தேன். வெளியூர் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார். மேனேஜர், “வண்டி ரெடி, பத்தரைக்குள்ள வெளிய எடுத்துடு” என்றார். ஏழெட்டு டிரைவர்கள் சுற்றி நின்றார்கள். அண்ணன் கைப்பேசியை எடுத்து, கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துப் படித்து, ஒரு விரலால் அழுத்தினார்.

“தூங்கல. போட்டுட்டேன்.”

“இன்னாபா, காலோட தைரியமும் ஒடஞ்சிடுச்சா?” என்றார் ஒருவர்.

“கண்ணு எரியுதுடா. நீ வேணும்னா போய் வயல்ல நாத்து நட்டுட்டு வா, நான் நட்டுட்டேன்” என்றார் அவர்.

சிரிப்பு அடங்கியபோது, கூட்டத்திலிருந்த இளவயது டிரைவர் ஒருவர் திரும்பி நின்று தன் கைப்பேசியை எடுத்தார். என் திரையில் இரண்டாவது ‘இல்லை’ வந்தது.

அண்ணன் ஷெட்டின் உள்மூலையில் மடித்துப் போட்டிருந்த தார்ப்பாய்மேல் துண்டை விரித்துப் படுத்தார். இரண்டு நிமிடத்தில் குறட்டை. சாலையில் மற்ற வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. மேனேஜருக்குப் போன் வந்தது. அவர் போனில் பேசினால் வில்லியனூர் முழுக்கக் கேட்கும். “அலோ” என்று ஆரம்பித்தவர், மூலையைப் பார்த்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, வெயிலுக்குப் போய்ப் பேசினார்.