மகளின் பத்து விரல்கள்

காரைதீவுக்கு அருகே எங்கள் பஸ் வெள்ளத்தில் நின்றுவிட்டது. மிதிபலகைவரை தண்ணீர். கல்முனைக்குடியில் என் வீடு கிட்டத்தான், ஆனாலும் இறங்க வழியில்லை.

பக்கத்து இருக்கையில், கழுத்தில் சிலுவை அணிந்த மெலிந்த மனிதர் ஒருவர் மனைவி, மகளோடு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். மாலையை வீட்டில் மறந்துவிட்டார்களாம். ஒவ்வொரு 'அருள் நிறைந்த மரியே'க்கும் மகளின் விரல் ஒன்றை மடக்கினார். அவளோ தூங்கி வழிந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது.

"புள்ளைக்கு நித்திர வருது, விடுங்களன்" என்றேன்.

"ஓம். ஆனா இவட கைய விட்டா எனக்குப் பயமா இருக்கு" என்றார், குரலைக்கூடத் தாழ்த்தாமல்.

கடைசி விரலையும் மடக்கிச் செபத்தை முடித்தார். பஸ் அசையவில்லை. மகள் கண்ணைத் திறக்காமலே பத்து விரலையும் மறுபடி விரித்து அவர் மடியில் வைத்தாள்.