புவெர்த்தோவா, முவெர்த்தோவா

மூன்றாம் வகுப்போடு நின்றாலும், கல்பிட்டியில் மூன்று படகுக்கு முதலாளி லாபிர் நானா. பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் ஸ்பானியர்களிடம் கேட்டே அவர்கள் பாஷையைப் பிடித்தவர். அன்று அவர்களில் ஒருவனைக் காற்று அள்ளிப் போனது. அவன் மனைவி கரையில் விறைத்து நின்றாள்.

தேடிப்போன படகிலிருந்து அவருடைய படகோட்டி றிஸ்மின் போனில் சொன்னான்: "உசிரோட ஈக்கிறார் நானா. கதைக்கத்தான் ஏலாது. துறைமுகத்துக்குக் கொண்டுபோறன்."

"அவக்கிட்ட சொல்லுங்க நானா, ஒங்களுக்குப் பாஷை தண்ணிபட்ட பாடாச்சே!" என்றார்கள் படகுக்காரர்கள்.

புவெர்த்தோ, முவெர்த்தோ. ஒன்று துறைமுகம், மற்றது செத்தவன். எது எதுவென்று பயத்தில் மறந்துபோனது. மாற்றிச் சொன்னால் அவள் உயிர் போய்விடும்.

"றிஸ்மின், இங்கயே வாடா! படகு முன்னுக்கு அவர கைத்தாங்கலா நிப்பாட்டு!" என்று போனில் கத்தினார்.

பிழைத்து வருகிறவனை இந்தக் கரைப் பெண்களுக்கு அப்படித்தான் காட்டுவார்கள். நின்ற உருவத்தைக் கண்டதும் அவள் தண்ணீருக்குள் ஓடினாள். லாபிர் நானா மணலில் குந்திவிட்டார்.