சாமி விளக்கை அணைத்த லிங்கம் அண்ணன்

லிங்கம் அண்ணன் தவறிவிட்ட செய்தி செவ்வாய்க்கிழமை காலை எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. காஜாங்கில் மகள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான், பாதியில் கையைக் கழுவிவிட்டுக் கிள்ளானுக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் எனக்குத் துக்கத்தைவிட வெட்கமே அதிகமாக இருந்தது. அதன் காரணம் எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

கிள்ளானில் எங்கள் மேரு வட்டாரத்து மக்களுக்கு ‘ஏரியல் லிங்கம்’ என்றால்தான் அவரை அடையாளம் தெரியும். டிவி ஏரியல் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். ஒருமுறை எங்கள் மாடியில் வேலை செய்தபோது மழை பிடித்துக்கொண்டது. நாளைக்கு வாருங்கள் என்றேன். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குந்திக்கொண்டு, “படம் வராம ஏணிய மடிக்க மாட்டேன், நீங்க கீழ போங்க லா” என்றார். மழை விட ஒன்றரை மணி நேரம் ஆனது. மனுஷன் அசையவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பில் ஒரு தொல்லை தொடங்கியது. மாலை ஏழு மணியானால் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடையும், சத்தம் விக்கும். மூன்றாம் மாடிப் பார்வதி அக்காவின் கணவர் பக்கவாதத்தில் படுத்திருப்பவர். மாலைச் செய்தி ஒன்றுதான் அவருக்கு வெளியுலகம். அதுவும் போயிற்று.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. கீழே சாகுல் பாயின் சாப்பாட்டுக்கடை. அந்த வாரம்தான் அவர் வெளியே போட்டிருந்த மேசைகளுக்கு மேல் பெரிய எல்இடி விளக்குகளை மாட்டியிருந்தார். அவையும் ஏழு மணிக்குத்தான் எரியும். குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்ற முறையில் நகராண்மைக் கழகத்துக்கு ஒரு மனு எழுதினேன். வெளி மேசைகளுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தேன். மேசைகள் போனால் பாய் கடையைத்தான் மூட வேண்டும். அது தெரிந்தும் எழுதினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

லிங்கம் அண்ணன் மட்டும் போடவில்லை. “மனுவ அனுப்பாம ஒரு வாரம் குடுங்க. லைட்டும் எரியணும், டிவியும் தெரியணும். ஒண்ண அணைச்சு ஒண்ணப் பாக்குறதுக்கு நான் எதுக்கு?” என்றார்.

அன்று மாலையே பாயின் விளக்குகளை அணைத்துப் பார்த்தார். படம் அப்போதும் உடைந்தது. பிறகு கையில் ஒரு சின்ன ரேடியோவுடன் கட்டடத்தைச் சுற்றினார். கெட்ட விளக்கின் அருகே போனால் ரேடியோ கரகரக்கும் என்றார். “லைட்டு மேல குத்தமில்ல. கரண்ட மாத்திக் குடுக்க ஒரு டப்பா வச்சிருப்பான் பாருங்க, மட்டமான டப்பாவா இருந்தா அதுதான் ஏரியல்ல போய் ஏறும்.” படிக்கட்டு, வாசல், கார் நிறுத்துமிடம் என்று மூன்று நாள் ஒவ்வொரு விளக்காக அணைத்துப் பார்த்தோம். ஒன்றும் சிக்கவில்லை.

நான்காம் நாள் என்னை மட்டும் அழைத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் இருக்கும் முனீஸ்வரர் கோயிலுக்குப் போனார். “மூணு நாளா இதத் தாண்டிப் போயிருக்கோம். நானும்தான்” என்றார். விளக்கு வைத்த நேரத்தில் சாமி விளக்கை அணைக்க எங்களில் யாருக்குக் கை வரும்? அதைச் சோதிக்க வேண்டும் என்ற நினைப்பே எவருக்கும் வரவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கொண்டு வந்த அகலில் எண்ணெய் ஊற்றித் திரியை ஏற்றினார். கும்பிட்டார். அதன் பிறகே கோயிலைச் சுற்றித் தொங்கிய எல்இடி சரத்தின் சுவிட்சைத் தட்டினார். அடுத்த நிமிடம் பார்வதி அக்கா போன் செய்தார். “தம்பி, படம் வந்திருச்சு. என்னா செஞ்சீங்க?”

போனை வைத்துவிட்டு அணைந்த சரத்தைப் பார்த்தேன். அந்தச் சரத்தை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி மாட்டியவன் நான். தொல்லை தொடங்கிய அதே வாரத்தில்தான்.

மறுநாள் பகலில் லிங்கம் அண்ணன் நல்ல விளக்குகளாகப் பார்த்து மாற்றினார். ஒயரில் இரைச்சலைத் தடுக்கும் கறுப்பு வளையங்களைக் கோத்தார். மாடியில் ஏரியலையும் கோயிலுக்கு எட்டத் தள்ளி வைத்து, வெடித்த கேபிளை மாற்றினார். பிறகு என்னிடம் வந்தார். மனுவை நான் கிழித்துவிட்டதைச் சொன்னேன். “கிழிச்சா பத்தாது. பாய்கிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நல்லாருக்காது” என்றார்.

நான் சொல்லவில்லை. பாய் பயந்துபோய்த் தம் விளக்கை மாற்றிவிட்டார் என்று குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள். அதையும் மறுக்கவில்லை. கோயில் விளக்கு என் உபயம் என்று பாராட்டினார்கள். சிரித்துக்கொண்டேன். அப்படியே மாதங்கள் ஓடிவிட்டன.

அடக்கம் முடிந்த மறுநாள் பாய் கடைக்குப் போனேன். அவர் மேசை துடைத்துக்கொண்டிருந்தார்.

“பாய், அந்த டிவி விஷயம். தப்பு உங்க லைட்டுல இல்ல. நான் கோயில்ல மாட்டுன லைட்டுதான். உங்க மேல பெட்டிஷன் எழுதுனதும் நான்தான்.”

“தெரியும்ண்ணே. கோயில் லைட்டு மாறுன அன்னிக்கே டிவி சரியாச்சு. எனக்குப் புரியாதா?”

“லிங்கண்ணே ஒண்ணும் சொல்லலியா?”

“அவரு எங்க சொன்னாரு. டெய்லி பால் இல்லாத தே ஓ குடிக்க வருவாரு. ஒக்காந்த ஒடனே, ‘செக்ரட்டரி வந்தாரா’ன்னு கேப்பாரு. இல்லம்பேன். ‘வருவாரு’ம்பாரு. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கும் கேட்டாரு.”

அவரை அறிந்தவர்களே, மனுவில் கையெழுத்துப் போட்டவர்களே, நடந்தது இதுதான். வரும் சங்கக் கூட்டத்தில் பாயை முன்வரிசையில் உட்காரவைத்து, இங்கே எழுதிய இதை வாய்விட்டும் படிப்பேன். ‘வருவாரு’ என்று ஒரு மனிதர் என்மேல் வைத்த நம்பிக்கையைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இனி அதைக் காப்பாற்றியாக வேண்டும்.

செக்ரட்டரி வந்துட்டாரு, லிங்கண்ணே. கேக்குறதுக்குத்தான் நீங்க இல்ல.