ரோட்டில் பரப்பிய கொள்ளு

இளையபெருமாள் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு லாரி ஏறியவர். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் லாரியில் முதலில் கிளீனர், அப்புறம் டிரைவர். பாதி ஆயுசு ஸ்டியரிங்கைப் பிடித்தே போனது. சர்க்கரை வந்து கண்ணில் புகை மூட்டியதும், லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வண்டியை விட்டு இறங்கினார். வண்டி ஆசை மட்டும் இறங்கவில்லை. டீக்கடை வாசலில் புதுக் கார் ஒன்று நின்றால் போதும், டீ ஆறிப்போகும்.

பிறகு குத்தகைக் காடுதான் பிழைப்பு. திருமானூர்ப் பக்கம் வாய்க்கால் பாயும், நெல்லும் கரும்புமாக நிற்கும். இவர் ஊர் மானாவாரி. வானம் பார்த்து விட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. போன வருஷ வெள்ளாமை மழையிலேயே அழுகிப்போனது. இந்த வருஷமும் விளைச்சல் வீடு வந்து சேரவில்லையென்றால் காட்டை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று நிலத்துக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நல்லவேளையாகக் கொள்ளு கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. பிடுங்கி, காயவைத்து, ரோட்டோரம் போர் போட்டாயிற்று. இனி அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அடிக்கிற களம் தார் ரோடு. கொடியைப் பரப்பிவிட்டால் பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கி நெற்றை உடைத்துக் கொடுக்கும்.

அந்த நேரம் பார்த்து ஊருக்குள் கார் ராலி வந்தது. ஒவ்வொரு காராக விரட்டிவிட்டு, எது சீக்கிரம் போய்ச் சேருகிறது என்று பார்க்கிற பந்தயம். அரியலூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற மணிமாறன், பந்தயக்காரர்களுக்காக ஆள் பிடிக்க வந்தான். இளையபெருமாளுக்கு அக்கா மகன் முறை.

"மாமா, ஞாயித்துக்கெழம நம்ம ரோட்ட அடைக்கிறாங்க. வளைவுல ஒரு ஆளு நிக்கணும். ஆடு மாடு எதுவும் குறுக்க வரக்கூடாது. நீதான் தோது."

"என்னென்ன வண்டிடா வருது?"

"எல்லாம் வருது. கடைசியில ஜிடின்னு தனி கோஷ்டி. ரெண்டே கதவு. சொகுசா தூரந்தொலவு போறதுக்குன்னே செஞ்ச ஸ்போர்ட்ஸ் காரு. மண் ரோட்டு ராலியில அத சீண்டமாட்டாங்க மாமா, வயிறு இடிச்சிக்கும். தாரு ரோடுன்னா மட்டும் அதுதான் ராசா."

"எவ்ளோ தாழ்வு?"

"பூனை பூந்தா முதுகு தேயும்."

இளையபெருமாள் அப்போதே சரி என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுச் சட்டையை மாட்டி, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டு வளைவில் நின்றார். வானம் கருத்துக்கொண்டு வந்தது. மனைவி பச்சையம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மழ எறங்குனா அத்தனையும் மொளச்சிப்போவும். இவுரு பீப்பீ ஊதிக்கிட்டு நிக்கிறாரு."

"மத்தியானம் வரைக்கும் பஸ்ஸு கெடையாது. நான் என்னா பண்றது?"

"பஸ்ஸு இல்லாட்டி என்னா? இத்தன காரு வருதுல்ல, அதுக்கெல்லாம் சக்கரம் இல்லியா?"

யோசித்துப் பார்த்தார். முன்னால் வருகிறவை உயரமான வண்டிகள், ஏறிப் போய்விடும். ஜிடி கோஷ்டிக்கு முன்னால் நல்ல இடைவெளி விடுவார்கள் என்று மணிமாறன் சொல்லியிருந்தான். அதற்குள் வாரிவிடலாம். ரோட்டைக் காக்க நின்றவரே மனைவியோடு சேர்ந்து, வளைவு தாண்டிக் கொடியைப் பரப்பினார்.

நினைத்தபடியே நடந்தது. ஒவ்வொரு காரும் ஏறி இறங்க, நெற்று படபடவென்று உடைந்தது. முந்திரித் தோப்பு ஓரம் நின்ற ஊர்ச்சனம் ஒவ்வொரு காருக்கும் கையை ஆட்டியது.

"ஏன்யா, வாரா வாரம் இந்தப் பந்தயத்த வைக்கச் சொல்லுய்யா" என்று பச்சையம்மாள் சிரித்தாள்.

மழைக்குப் பயந்து, பந்தயம் கிளம்புகிற கோடியில் அந்த இடைவெளியை ரத்து செய்துவிட்டார்கள். அதை இவருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

உறுமல் கேட்டுத் திரும்பினார். ரோட்டில் சிவப்பு ஜமுக்காளத்தை இழுத்து வருகிற மாதிரி ஜிடி வந்தது. என்ன அழகு! ஒரு கணம் வாயைப் பிளந்து நின்றுவிட்டார். பிறகுதான் கொள்ளு ஞாபகம் வந்தது. கன்னம் கிழிய விசில் ஊதினார். அந்த உறுமலில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசினார். உள்ளே ஹெல்மெட் போட்டிருந்தவர் பதிலுக்கு ஹெட்லைட்டை மினுக்கிவிட்டுப் போனார்.

வண்டி கொடி மேல் ஏறவில்லை, வயிற்றால் வாரிக்கொண்டு போனது. கொடி கயிறாக முறுக்கி அச்சில் சுற்றிக்கொள்ள, கொஞ்ச தூரத்தில் குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. அடியில் புகை. காய்ந்த கொடியும் கொதிக்கிற சைலன்ஸரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று லாரிக்காரருக்குத் தெரியாதா? உள்ளே இருந்த இரண்டு பேரும் குதித்து ஓடிவிட்டார்கள். தீ, இழுபட்ட கொடியைப் பிடித்துக்கொண்டு பரப்பை நோக்கி வந்தது. பச்சையம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு புளிய மிளாறால் அடித்தாள்.

அவரும் ஓடினார். எதிரே மணிமாறன் கத்திக்கொண்டே வந்தான்.

"மாமா, இங்க வராத! பின்னாடி இன்னொரு காரு வருது, அத நிறுத்து!"

திரும்பி ஓடி, நடு ரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் கொள்ளு எரிகிற சத்தம் கேட்டது. பெண்டாட்டி கத்துவது கேட்டது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. அடுத்த கார் கிறீச்சிட்டு அவர் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றது.

அவர் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. தீயணைக்கிற பொடியைக் கொட்டி, தண்ணி லாரியை வைத்து அடித்துக் காரைக் காப்பாற்றிவிட்டார்கள். பின்பக்கம்தான் கருகியிருந்தது. எரியாமல் தப்பின கொள்ளு, பொடியும் சேறுமாக ரோட்டில் கிடந்தது.

காரை ஓட்டிவந்த கோயம்புத்தூர்க்காரர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். கோபம்கூடப் படவில்லை.

"ஏனுங்க, வழியெல்லாம் கைய ஆட்டுனாங்க. நீங்களும் அப்படித்தான்னு நெனச்சிட்டனுங்க."

இளையபெருமாள் குனிந்து காரின் கருகிய பின்பக்கத்தைப் பார்த்தார்.

"யாரு மாமா ரோட்ல போட்டது?" என்றான் மணிமாறன்.

"நாந்தான்டா."

அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "சட்டையக் கழட்டிக் குடு. பெரிய சாருங்க வராங்க. கேட்டா நான் என்னன்னு சொல்லுவன்?"

கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு பச்சையம்மாளிடம் போனார். திட்டுவாள் என்று பார்த்தார். அவள் ஒரு கொள்ளை எடுத்து வாயில் போட்டுக் கடித்து, துப்பினாள்.

"மாட்டுக்குக்கூட ஆவாது" என்றாள். "காட்டுக்காரருக்கு என்னாய்யா சொல்றது?"

"தெரியல புள்ள."

அவள் தார்ப்பாயை விரித்தாள். எதற்கு வாருகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ரோட்டைத் திறக்க வேண்டும், சீக்கிரம் அள்ளுங்கள் என்று பின்னால் யாரோ அதட்டிக்கொண்டிருந்தார்கள். இளையபெருமாள் குனிந்து அள்ளினார். விரலிடுக்கில் கருப்பாகத் தண்ணீர் வடிந்தது.