நாற்பத்தேழாம் பக்கத்துப் பட்டாணி டோஸ்ட்

வெர்னா கிரெய்டர் பத்து வயதில் மாவும் பாலும் கலந்து காய்ச்சிய வெள்ளைக் கிரேவியின் ஒட்டும் பலம் லோகர்ஸ்வில் இரும்பு ஆலைக்காரர்களுக்குத் தெரியாமல் போனது. தெரிந்திருந்தால் ஆளுக்கொரு வாளி வாங்கிப் போய், ஆற்றுப் பாலத்துக்கு ஆணியே அடிக்காமல் விட்டிருப்பார்கள். ஒருநாள் அவள் தம்பி டெல்மர் விளையாட்டுக்குத் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ரொட்டி, பட்டாணி, கிரேவி மூன்றும் கீழே விழாமல் அப்படியே தொங்கிக்கொண்டு அவனைப் பார்த்தன.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ராத்திரிச் சாப்பாடு என்றால் டோஸ்ட்தான். அதன் மேல் எதை ஊற்றுகிறார்கள் என்பதை வைத்துத்தான் கிழமையே தெரியும். பட்டாணி ஊற்றினால் திங்கள், தக்காளி ஊற்றினால் செவ்வாய், மத்தி மீனை நசுக்கிப் பூசினால் வெள்ளி. ஆலையில் வேலை இருந்த வாரம் உப்புப் போட்டு உலர்த்திய மாட்டிறைச்சி வரும். சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்திருப்பார்கள். துண்டு ஒவ்வொன்றும் எவ்வளவு மெலிசு என்றால், கண்ணில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவில் யார் வருகிறார்கள் என்று பார்க்கலாம். அதையும் கிரேவியில் முக்கி எடுத்து ஆறு பேருக்கு நிரவிவிடுவார்கள்.

இதெல்லாம் இப்போது இனிக்கிறது. வயிறு நிறைந்தவனுக்குப் பழைய பசி இனிப்புத்தான். 1978-இல் எங்கள் தேவாலயத்துக்கு நூறு வயது ஆனபோது, ஊரே அந்த டோஸ்டை நினைத்து உருக ஆரம்பித்தது. இந்த ஊர்ப் பெண்கள் தேவாலயக் கூரை ஒழுகினாலும் பணம் திரட்டச் சமையல் புத்தகம் போடுவார்கள், கூரை ஒழுகாவிட்டாலும் போடுவார்கள். ஆளுக்கொரு சமையல் எழுதிக் கொடுக்க வேண்டும். அடியில் அது யாருடைய கைப்பக்குவம் என்று பெயர் அச்சாகும். அந்தப் பெயர் சாதாரண விஷயமில்லை. ஒரு ஆப்பிள் கேக்குக்கு அடியில் தன் பெயருக்குப் பதில் ஓர்ப்படி பெயர் வந்துவிட்டதென்று மில்ட்ரெட் பென்றோஸ் பதினோரு வருஷம் அவளோடு பேசவில்லை. ஓர்ப்படி செத்தபோது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "கேக் என்னுதுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

புத்தகம் வந்த அன்று வெர்னா தன் வீட்டு அடுப்படியில் நின்றபடியே நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தாள்.

'அம்மாவின் பட்டாணி டோஸ்ட். காலஞ்சென்ற திருமதி ஆல்வின் கிரெய்டரின் கைப்பக்குவம். அனுப்பியவர்: மகள் லோயிஸ்.'

அதன் கீழே மாவு, கொழுப்பு, பால், பட்டாணி என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசி வரியில் வெர்னாவின் கண் நின்றுவிட்டது.

'கிரேவியை அடியில் லேசாகப் பிடிக்க விடவும். அந்தக் கருகல் வாசனைதான் எங்கள் அம்மா.'

வெர்னா புத்தகத்தை மூடினாள். மறுபடி திறந்தாள். அப்போதும் அதே வரிதான் இருந்தது.

ஏனென்றால் அம்மா அந்தக் கிரேவியை ஒருநாள்கூடக் காய்ச்சியதில்லை.

1936 பனிக்காலத்தில் இல்டா கிரெய்டருக்கு ஒரு குழந்தை செத்துப் பிறந்தது. அதற்கப்புறம் அவள் மாடியறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். இந்தப் பக்கம் திரும்ப ஆறு வருஷம் பிடித்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் சுவரில் அவளுக்கு என்ன தெரிந்ததோ.

கீழே மூன்று பிள்ளைகள். வெர்னாவுக்குப் பத்து வயது, லோயிஸுக்கு ஐந்து, டெல்மருக்கு மூன்று. அப்பா ஆல்வினுக்கு ஆலையில் உலை வேலை. நெருப்புக்குப் பயப்படாத மனுஷன், ஊர் வாய்க்குப் பயந்தார். அதைவிட, நிவாரண மாவும் பால் பவுடரும் கொடுக்க வருகிற மாவட்டத்து அம்மாளுக்கு இன்னும் பயந்தார். தாய் எழுந்து வராத வீடு என்று தெரிந்தால் அந்த அம்மாள் பிள்ளைகளை அநாதை விடுதிக்கு அனுப்பிவிடுவாள். பக்கத்துத் தெருவில் அப்படி நாலு பிள்ளைகள் போயிருந்தன.

அதனால் ஆல்வின் ஒரு ஏற்பாடு செய்தார். சின்னது இரண்டும் வெளியே விளையாடும்போது வெர்னா சமைத்துவிட வேண்டும். பன்றிக் கொழுப்பு டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றுதான் அவளுக்கு அடுப்பு எட்டும். சின்னதுகள் உள்ளே வரும்போது மேஜையில் சாப்பாடு இருக்கும். வெர்னா கைகழுவி உட்கார்ந்திருப்பாள்.

"அம்மா இப்பத்தான் சமைச்சு வச்சிட்டுப் படுக்கப் போனா. அசதி அவளுக்கு" என்பார் ஆல்வின்.

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கூரையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

"சாப்பாட்டுக்கு நன்றிம்மா!"

வெர்னாவும் சொல்ல வேண்டும். முதல் நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பா மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். வலிக்க மிதிக்கவில்லை, கெஞ்சுகிற மாதிரி மிதித்தார். அதுதான் அவளுக்கு இன்னும் வலிக்கிறது.

கொஞ்ச நாளில் மேலிருந்து பதிலும் வர ஆரம்பித்தது. "சரி, இருக்கட்டும்" என்று அம்மாவின் குரல். சின்னது இரண்டும் கைதட்டிச் சிரிக்கும்.

அதற்குப் பிறகு வெர்னா ஒரு தட்டை மாடிக்கு எடுத்துப் போவாள். அந்த ஆறு வருஷத்தில் அவள் சமையலைப் பற்றி அம்மா சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

"கருகியிருக்கு."

கருகாமல் என்ன செய்யும்? பால் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் கண் சிமிட்டுவதற்குள் அடி பிடிக்கும். ஒரு கை ரொட்டியைத் திருப்பினால் மறு கை கிண்ட வேண்டும். டின்மேல் நின்ற பிள்ளைக்கு இருந்தது இரண்டே கை.

அப்புறம் வெர்னாவின் வாழ்க்கை அடுப்பைவிட்டு இறங்கவே இல்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் சேர்ந்து முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊற்றினாள். அவள் ஊற்றிய கிரேவியை ஒன்றாகத் திறந்துவிட்டால் எங்கள் ஊர் ஆறு ஒரு வாரத்துக்கு வெள்ளையாக ஓடும். அதில் ஒரு சொட்டு அடி பிடித்ததில்லை. கல்யாணமும் நடக்க இருந்தது. பால் வண்டிக்காரன் ஆர்வில் அவளைக் கேட்டான். டெல்மர் பள்ளிக்கூடம் முடிக்கட்டும் என்றாள். ஆர்வில் இரண்டு வருஷம் காத்திருந்தான்; பிறகு அதே தெருவில் நாலு வீடு தள்ளி, பால் போட்ட இன்னொரு வீட்டுக்கே மாப்பிள்ளையானான். அம்மா போனாள், அப்பாவும் போனார். சாகிற அன்றுகூட அப்பா, "சின்னதுகளுக்குச் சொல்லிடாதே" என்றார். சின்னதுகளுக்கு அப்போது தலை நரைக்க ஆரம்பித்திருந்தது.

நூற்றாண்டு விருந்தன்று தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் இருநூறு பேர். சாப்பாடு: நாற்பத்தேழாம் பக்கம். இருநூறு பேருக்குக் கிரேவி கிண்ட ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? பெரிய அண்டாவுக்கு முன்னால் வெர்னா நின்றாள். ரொட்டித் தட்டுகளை அடுப்பிலிருந்து எடுத்தபடி லோயிஸ் நின்றாள். டெல்மர் ஒஹாயோவிலிருந்து புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, கூடத்தில் கையில் மைக்கோடு திரிந்தான். கார் விற்கிறவன். மைக் இல்லாமலே அடுத்த மாகாணத்துக்குக் கேட்கிற தொண்டை அவனுக்கு.

லோயிஸ் அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

"வெர்னா, ரொம்ப வெள்ளையா இருக்கே. கொஞ்சம் அடி பிடிக்க விடு."

"முப்பது வருஷமா பிடிக்க விடலே. இன்னிக்கு எதுக்கு?"

"புத்தகத்துல அப்படித்தானே இருக்கு. அம்மா கிரேவின்னா அந்த வாசனை வேணும்ல."

வெர்னா கரண்டியை நிறுத்தவில்லை.

"லோயிஸ், அத யார் காய்ச்சினதுன்னு உனக்குத் தெரியுமா?"

லோயிஸ் ரொட்டித் தட்டைக் கீழே வைத்தாள். வெர்னா நாற்பத்திரண்டு வருஷமாக மனசில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றது. லோயிஸ் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீதான். எனக்கு ஆறு வயசிருக்கும். முட்டி சிராய்ச்சுக்கிட்டு உள்ள ஓடி வந்தேன். நீ டின்னு மேல நின்னு சட்டிய சுரண்டிட்டு அழுதிட்டிருந்தே. நான் சத்தம் போடாம வெளிய போயிட்டு, டெல்மர கூட்டிட்டு மறுபடி வந்தேன்."

"அப்புறமும் கத்தினியேடி. தினம் கூரையப் பாத்துக் கத்தினியே!"

"அப்பா என்னைப் பாத்துட்டே இருந்தாரு."

கூடத்தில் டெல்மர் ஏதோ ஜோக் சொல்ல, இருநூறு பேர் சிரித்தார்கள்.

"சரி, அப்ப குழந்தை. இப்ப புத்தகம் போடறப்போ?" வெர்னாவின் குரல் தாழ்ந்து வந்தது. "ஐம்பத்தி ரெண்டு வயசு எனக்கு. புருஷன் பேரும் இல்ல, பிள்ளை பேரும் இல்ல. ஒரு பக்கத்துக்கு அடியில என் பேரு வந்திருந்தா உனக்கு என்ன கொறஞ்சிருக்கும்?"

லோயிஸ் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அம்மாவப் பத்தி உனக்கு என்னென்னவோ ஞாபகம் இருக்கும் வெர்னா. உன்னை மடியில வச்சிருப்பா, பாட்டுப் பாடியிருப்பா. எனக்கு அவ முதுகு மட்டுந்தான் ஞாபகம். நைட்டி போட்ட ஒரு முதுகு. அவ இந்தப் பக்கம் திரும்பினப்போ எனக்கு மடி தேடற வயசு தாண்டிப் போச்சு. அவ எனக்குக் கொடுத்ததுன்னு இந்த டோஸ்ட் ஒண்ணுதான் இருக்கு. பொய்தான், தெரியும். அதையும் நீ எடுத்துக்கிட்டா அப்புறம் எனக்கு அம்மாவே இல்ல."

வெர்னா அவளைப் பார்த்தாள். கரண்டியை அண்டாவில் ஒரு சுற்று சுற்றினாள்.

பரிமாறும் ஜன்னல் வழியே டெல்மர் தலையை நுழைத்தான். "என்ன பொம்பளைங்களா, பட்டாணி இன்னும் முளைக்கவே ஆரம்பிக்கலியா? வெளிய ஜனம் மேஜைய கடிக்குது!"

"வருது போ" என்றாள் வெர்னா.

தலை மறைந்தது. லோயிஸ் அழவில்லை, அழுதிருந்தால் வெர்னாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெர்னா அண்டாவைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் அவள் காய்ச்சியதிலேயே நல்ல கிரேவி அது. பட்டுத் துணி மாதிரி கரண்டியிலிருந்து வழிந்தது.

அவள் கரண்டியை வெளியே எடுத்து மூடிமேல் வைத்தாள். தீயைக் கூட்டினாள். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

சமையலறையில் மெதுவாக அந்த வாசனை எழுந்தது.

பரிமாறினார்கள். டெல்மர் மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒரு வாய் வைத்தான். மென்றான். மெல்லுவதை நிறுத்தினான். ஊரையே பேசிக் கவிழ்க்கிற மனுஷன் வாயில் பட்டாணியோடு குழந்தை மாதிரி தேம்பினான். "அம்மா... இது அம்மாதான்" என்றான் மைக்கில். மில்ட்ரெட் பென்றோஸ்கூடக் கண்ணைத் துடைத்தாள். அவள் ஆப்பிள் கேக்கைத் தவிர வேறெதற்கும் அழாதவள்.

"எங்க வீட்டுல ஒரு பழக்கம்" என்றான் டெல்மர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சாப்பிட்டதும் எல்லாரும் மேல பாத்து அம்மாவுக்கு நன்றி சொல்லுவோம். இன்னிக்கு எங்கூடச் சேர்ந்து எல்லாரும் சொல்லணும். எங்க, மேல பாருங்க!"

இருநூறு தலைகள் கூரையைப் பார்த்து நிமிர்ந்தன. அந்தக் கூரைக்கு மேலே இருந்தவை ஞாயிறு வகுப்பின் மடக்கு நாற்காலிகள்.

"சாப்பாட்டுக்கு நன்றிம்மா!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சமையலறையில் வெர்னா மட்டும் தலையை நிமிர்த்தவில்லை, வாயைத் திறக்கவில்லை. மேஜைக்கு அடியில் காலை மிதிக்க இப்போது யாரும் இல்லை. அவள் காலி அண்டாவுக்குள் தோள்வரை கையை விட்டு, அடியில் பிடித்திருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கறுப்பாக, சட்டியோடு சட்டியாக ஒட்டியிருந்தது.

லோயிஸ் பக்கத்தில் வந்து நின்றாள். கூடத்தில் கைதட்டல் ஓயவில்லை. அந்தச் சத்தத்தின் மறைவில், வெர்னாவின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்லச் சொன்னாள்.

"நன்றி வெர்னா."

வெர்னா நிமிராமல் சுரண்டினாள்.

"மேல பாத்துச் சொல்லு" என்றாள். "பழக்கத்த மாத்தாதே."