பெனிஸ் அடுப்பின் முதுகு

பேக்கரி அடுப்பைத் திருப்பப் போகிறார்கள் என்ற பேச்சு, ஆடி மழை பிடித்த மறுநாள் கழுதைப்படியில் இறங்கியது. மேலே டாக்ஸி ஸ்டாண்டில் பிறந்து, கீழே பஸ் ஸ்டாண்டைத் தொடுவதற்குள் அதற்குக் கையும் காலும் முளைத்துவிட்டன. தெய்வம்மாவின் வாசலுக்கு அதைக் கொண்டு வந்தவள் எதிர்வீட்டுக் கீர்த்தனா. கையில் ஈரம் சொட்டும் பள்ளிக்கூடச் சட்டை.

"அடுப்பு வாய் இனிமேல் தெருவைப் பாத்து இருக்குமாங்க்கா. வர்றவங்க நெருப்பப் பாத்துக்கிட்டே காப்பி குடிக்கோணுமாம்."

"அப்ப முதுகு?"

"அது பின்னால ஓடைப் பக்கம் போயிருமாம்."

அடுப்பின் வாய் எந்தப் பக்கம் இருந்தாலும் தெய்வம்மாவுக்குக் கவலையில்லை. முதுகுதான் அவள் பிழைப்பு.

குன்னூரில் கழுதைப்படி என்றால் முன்பெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற இடம். மார்க்கெட் மூட்டைகளைச் சுமந்து கழுதைகள் ஏறும். பிறகு கழுதைகளை விரட்டினார்கள். அப்புறம் சாக்கடையை மூடி, விளக்குப் போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, அந்த வெள்ளையில் விரட்டிய கழுதைகளையே அழகாக வரைந்து வைத்தார்கள். 'ஹெரிடேஜ் ஸ்டெப்ஸ்' என்று பலகையும் வந்தது. பலகையைப் படித்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். படிக்காதவர்கள் கழுதைப்படி என்றே சொல்லிக்கொண்டு ஏறி இறங்கினார்கள்.

தெருவில் பாதி வீடுகள் இப்போது தங்கும் அறைகள். ரயிலுக்குப் பக்கம், பஸ்ஸுக்குப் பக்கம், மார்க்கெட்டுக்குப் பக்கம் என்று விளம்பரம். எல்லாவற்றுக்கும் பக்கம் என்பதாலோ என்னவோ, அங்கே வருகிறவர்கள் எல்லாரும் வேறெங்கோ போய்க்கொண்டே இருந்தார்கள். மூடுபனி இறங்கிய காலைகளில் பெட்டியின் சக்கரச் சத்தம் மட்டும் படியேறி வரும். கொஞ்ச நேரம் கழித்து அதன் பின்னால் ஓர் ஆள் உருவாவார். பஸ் ஸ்டாண்ட் மேலேயா கீழேயா என்று கேட்பார். பதில் கிடைத்ததும் மறுபடி பனியாகிவிடுவார்.

தெய்வம்மா சிறுமியாகச் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். கொழுந்து பறித்தாள், ஃபேக்டரியில் தூள் சலித்தாள், எஸ்டேட் மூடியதும் கழுதைப்படியில் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தாள். முதல் நாள் சுவரில் சாய்ந்தவள் திடுக்கிட்டு எழுந்துவிட்டாள். சுவருக்குக் காய்ச்சல் அடித்தது. அந்தப் பக்கம் பேக்கரிக்காரர் பெனிஸின் வர்க்கி பிஸ்கட் சுடும் அடுப்பு, கற்பூர மரத்து விறகைத் தின்றுகொண்டு, தன் முதுகை அவள் அறைக்குக் கொடுத்துச் சாய்ந்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாளே கொடி கட்டினாள். ஆடி மாதத்து நீலகிரியில் துவைத்த துணி காயாது. கொடியிலேயே பூஞ்சை பூக்கும். அவள் அறையில் மட்டும் துணி ஆவி விட்டு, மேகம் போல் அசைந்து, சாயங்காலத்துக்குள் மொறமொறவென்று ஆகிவிடும். தெருவுக்குச் சும்மா காய வைத்துக் கொடுத்தாள். தங்கும் அறைகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வந்த பிறகு அதுவே தொழிலாயிற்று. தலையணையில் இனிப்பான ஒரு வாசம் வருகிறது, கனவில் பிஸ்கட் சாப்பிட்டோம் என்று விருந்தாளிகள் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்து அறைகள் எடுத்து நடத்தும் கிருத்திக், அது மலைக்காற்று என்று நம்பி விளம்பரத்தில் சேர்த்தார். இப்போது பேக்கரி முகப்பில் காப்பிக் கடை போட்டு, அடுப்பைத் திருப்ப நினைப்பவரும் அவரேதான்.

பெனிஸிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. பத்தடி தூரம். ஆனால் கேட்க முடியாது. அவருடைய சூட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொன்னால் கேட்டதாகும், கேட்டால் கடனாகும். அவர் அந்தப் பக்கம் வந்தால் கீர்த்தனா வீட்டில் டம்ளரைக் கரண்டியால் தட்டுவார்கள். தெய்வம்மா கதவைச் சாத்திக்கொள்வாள். தெரு முழுக்கச் சேர்ந்து காத்த ரகசியம்.

ஆகவே, பத்தடி தூரத்துச் சங்கதியை விசாரிக்க அவள் அரவேணுவுக்குப் பஸ் ஏறினாள். பெனிஸுக்கு விறகு போடும் கருப்புசாமி அங்கேதான். அடுப்பைப் பிரிக்கப் போகிறவன் விறகு சொல்ல மாட்டான் அல்லவா?

ஜன்னலுக்கு வெளியே தேயிலை பச்சையாகத் தெரிந்தது, பிறகு வெள்ளையாக, பிறகு தெரியவே இல்லை. கண் சொருகியது. அவள் காய வைத்த விரிப்புகள் எல்லாம் வரிசையாக பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட் கேட்டன. எங்கே போறீங்க என்றாள். ஓடைக்கு, என்றன. கண்டக்டர் தோளைத் தொட்டு அரவேணு என்றார்.

கருப்புசாமி விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பேக்கரிக்கு விறகு போகிறதா என்று, யாரோ கேட்கச் சொன்னதுபோலக் கேட்டாள்.

"போகாம என்னுங்க. மழைக்காலம்னா கூடவே போகும். ஏனுங்க பெனிசு, வர்க்கி அதே வர்க்கிதான, மழையில மட்டும் எதுக்குக் கூடன்னு கேட்டனுங்க. பக்கத்தூட்டுச் சொவரு குளிருதுங்கறாப்ல."

தெய்வம்மா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். தூக்கம் வரவில்லை.

பேக்கரியில் பெனிஸ் மாவு பிசைந்துகொண்டிருந்தார். அவள் நேராக உள்ளே போய் நின்றாள்.

"உனக்குத் தெரியுமா பெனிசு?"

"என் அடுப்புக்கு முதுகு இருக்கறது எனக்குத் தெரியாதாங்க்கா?"

அடுப்பைத் திருப்புவது மெய்தானா என்றாள். மெய்யாகத்தான் இருந்ததாம், நேற்றுவரை.

"திருப்பினா உங்க தலகாணி வாசம் போயிரும் தம்பின்னேன். அந்தக் கிருத்திக் சிரிச்சாப்ல. ராத்திரி தலகாணிய மோந்து பாத்திருப்பாப்ல போல. காலைல வந்து, அடுப்பு இருக்கற மாதிரியே இருக்கட்டும்ங்கன்னுட்டாப்ல."

அந்த வாசம் எந்த வழியாகப் போகிறது என்று கிருத்திக் கேட்கவில்லை, பெனிஸும் சொல்லவில்லை. மலைக்காற்று விளம்பரத்தில் அப்படியே இருக்கிறது.

இத்தனை மழைக்கும் எரிந்த விறகுக்கு நான் என்ன செய்யணும் என்று தெய்வம்மா ஆரம்பித்தாள். பெனிஸ் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் ஏந்தியபடி ஒரு ஸ்வெட்டர், நனைந்த ஆட்டுக்குட்டி கனத்தில்.

"நானும் இந்தத் தெருலதான இருக்கேன். ஊரே காயுது, எனக்கு மட்டும் ஈரம். கேட்டா எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுருமேன்னு கேக்கல."

தன் அறைச் சுவரில் அடுப்பின் நடு முதுகு எங்கேயோ, அங்கே அதை மாட்டினாள். விரிப்புகள் வந்தன, காய்ந்தன, போயின. கீர்த்தனா வீட்டுச் சட்டை இரண்டு முறை வந்து போனது. ஸ்வெட்டர் மட்டும் அசையவில்லை. தடித்த கம்பளி, குடித்த தண்ணீரை விட மனசில்லை. மழையும் விடவில்லை.

பெனிஸ் படியில் போகும்போதெல்லாம் திறந்திருக்கும் கதவைப் பார்க்காதவர் போலப் பார்க்கிறார். வாய் திறந்து கேட்பதில்லை. தெய்வம்மாவே உள்ளிருந்து குரல் கொடுக்கிறாள்.

"அக்குள் இன்னும் ஈரம், பெனிசு."