அப்பாவின் இடப்பக்கம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆம்பூரில் எங்கள் வீட்டில் பிரியாணி. சாப்பிட்டுக்கொண்டே அப்பா, “கத்திரிக்கா எங்கம்மா?” என்றார். தட்டில் இடப்பக்கம்தான் இருந்தது. விளையாடுகிறார் என்று நினைத்துத் தட்டைத் திருப்பி வைத்தேன். “ஆங், இருக்குது” என்று சாப்பிட்டார். இடக்கையிலிருந்து சொம்பு நழுவியபோதுதான் இது விளையாட்டில்லை என்று புரிந்தது.

வேலூருக்கு ஓடினோம். ஸ்கேன் பார்த்துவிட்டுப் பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது) என்றார்கள். உயிருக்குப் பயமில்லை. ஆனால் அப்பாவுக்கு உலகத்தில் இடப்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. இதற்குப் புறக்கணிப்பு என்று பெயர் (கண் நன்றாகத் தெரியும், மூளை அந்தப் பக்கத்தைக் கவனிக்காது).

நான் எட்டாவதோடு நின்று ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போனவள். விவரம் புரியாவிட்டால் எனக்குப் பயம் இன்னும் ஜாஸ்தி. இனி அப்பா என்னைப் பார்க்கவே மாட்டாரோ என்று எப்போதும் வலப்பக்கமே உட்கார்ந்தேன். தட்டையும் திருப்பித் திருப்பி வைத்தேன். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பயிற்சி தரும் மேடம் கண்டித்தார்.

“நீங்களே திருப்பிட்டா அவரு எதுக்குத் திரும்பணும்? இடப்பக்கம் உக்காருங்க. பாக்கலன்னாலும் உக்காருங்க.”

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், உட்காருங்கள். கஷ்டம்தான். நான் பேசினால் அப்பா வலப்பக்கச் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகும், அவர் கட்டிலுக்கு இடப்பக்கமே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுவில் செல்போனை வைத்துப் பழைய படங்கள் போட்டேன். வசனமெல்லாம் மனப்பாடம், காதாலேயே பார்த்து முடித்தார். ஒருநாள் படம் முடிந்து, தானாக வேறொன்று ஓடியது. கம்ப்யூட்டரில் செய்த பொம்மைப் படம். முன்பெல்லாம் “சின்னப் பசங்க சமாச்சாரம்” என்று சேனலை மாற்றிவிடுவார். இதுவோ ஏதோ அயல்மொழி. கண்ணால்தான் பிடிக்க வேண்டியிருந்தது. நீல மலையில் ஒரு வெள்ளாடு, தூக்கத்தில் நடப்பதுபோல ஏறியது. அப்பாவின் கழுத்து கொஞ்சம் திரும்பியது.

தோல் பதனிடும் ஷாப்பில் காலமெல்லாம் தோலைத் தரம் பிரித்தவர் அவர்.

“இன்னா தோலு பாரு. ஒரு முள்ளுக் கீறல் இல்ல. எங்க மேய்ஞ்சுதோ?”

“கம்ப்யூட்டர்ல மேய்ஞ்சதுப்பா.”

“அப்ப முதல் தரம்தான்.”

ஆடு திரையின் இடது ஓரத்துக்குப் போனது. விட மனசில்லாமல் அவரும் கூடவே போனார்.

அப்புறம் மதியமெல்லாம் எங்களுக்கு அதே வேலை. மீன், கரடி, மேகத்தில் நடக்கும் யானை. ஒவ்வொன்றின் தோலையும் விசாரித்துவிட்டுத்தான் கதைக்குள் போவார். நானும் கூடவே போனேன். படத்துக்கும் தூக்கத்துக்கும் நடுவில் இருவரும் மிதந்துகொண்டிருந்தோம்.

ஒருநாள் பாதிப் படத்தில் போன் அணைந்துவிட்டது. எதையோ தேடுகிறவர்போல அப்பா மெல்லத் திரும்பினார். இருண்ட திரையைத் தாண்டி, கட்டில் விளிம்பைத் தாண்டி, என் முகத்தில் வந்து நின்றார்.

“நீ எப்பம்மா வந்த?”

“இப்பதாம்பா” என்றேன்.

அது பொய்யாகத் தோன்றவில்லை. மாதக்கணக்காக உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு என் கையும் காலும் முகமும் அப்போதுதான் வந்து சேர்ந்தன.